இழுக்குது

— கழுத்த விடுங்க சார்... மூச்சு முட்டுது சார்...

— முட்டட்டும்! மருந்துக்கடைன்னு ரெண்டு கண்ணாடி அலமாரிய வெச்சுட்டா நீ பெரிய டாக்டரா? என் தங்கச்சிக்கு என்ன எழவுடா குடுத்தே? மாப்ள, ஷட்டர இறக்கு. இன்னிக்கு இவன் தோல உரிக்காம விடமாட்டேன்.

— இறக்கிட்டேன் மச்சான். மொதல்ல அந்தக் கம்பியக் கீழ போடுங்க. அவரு பேசட்டும்.

— பேசறதா? உன் பொண்டாட்டி சலவைப் பட்டறைல கை கால் இழுத்து, கொதிக்கிற தொட்டிக்குள்ள விழுந்து, வெந்து கெடக்கா. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. இவரு பேசணுமாம்! இந்தா, வாங்கிக்க!

— ஐயோ! கை போச்சே! சார், அது வெறும் விட்டமின் சார்! சத்து மாத்திரை! சத்தியமா சார்!

— சத்து மாத்திரையா? என்ன மச்சான் சொல்றாரு இவரு?

— புளுகறான் மாப்ள.

— புளுகலைங்க! மாசாமாசம் இவருதான் வந்து, "தங்கச்சிக்குக் கை கால் இழுக்குது, நல்லதாப் பாத்துக் குடு"ம்பாரு. தசைதான் சுண்டி இழுக்குதுன்னு நெனச்சேன் சார். அதுக்குக் கேக்கறவங்களுக்கெல்லாம் அதத்தான் குடுக்கறேன்.

— இழுக்குதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? வேற எப்படிடா சொல்லுவாங்க?

— வலிப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே பெரிய டாக்டருக்கு அனுப்பியிருப்பேனே சார்...

— அந்த வார்த்தைய எடுத்தே, ஒரு பல்லு மிஞ்சாது! இந்தா! இன்னும் சொல்லுவியா? சொல்லுவியா?

— வாயில அடிக்காதீங்க மச்சான்! ரத்தம் கொட்டுது பாருங்க. செத்துத் தொலையப் போறாரு!

— சாகட்டும்! கண்டதையும் உளர்றான். அவளுக்கு அதெல்லாம் கெடையாது மாப்ள. நீ நம்பாத.

— மச்சான், என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. ஏன் அந்த வார்த்தையக் கடைசி வரைக்கும் முழுங்குனீங்க?

— கல்யாணம் நின்னுடும்னுதான்! போதுமா? தெரிஞ்சா நீ அவளக் கட்டியிருப்பியா? சொல்லு, கட்டியிருப்பியா?

— கட்டிக்கறதுக்கு முன்னாடியே அவ எங்கிட்ட சொல்லிட்டா மச்சான். டாக்டர்கிட்டயும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். "எங்கண்ணன் வாங்கித் தர்றதே வலிப்பு மாத்திரைதான்"னு, அந்த டாக்டரு குடுத்ததுல ஒண்ணக்கூட அவ வாயில போடல.