ஐம்பது வாட்ஸ் இனிப்பு

‘டப்’ என்று ஒலிபெருக்கி வெடித்து ஓய்ந்தபோது நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உளுந்த வடை தின்றுகொண்டிருந்தேன். வடை சூடாக, நன்றாக இருந்தது. கூட்டம் மேடைப் பக்கம் ஓடியது. நான் கை கழுவிவிட்டு நிதானமாகப் போனேன். இன்ஸ்பெக்டரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

என் பெயர் அப்துல் சுக்கூர். திண்டுக்கல் பேகம்பூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். இறந்துபோன பக்ருதீன் என் தங்கை சர்புன்னிசாவின் புருஷன். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது நான். தங்கையைக் கொடுத்ததும் நான்.

கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் இருந்தன. பதினைந்து வாட்ஸில் சின்னது ஒன்று, ஐம்பது வாட்ஸில் பெரியது ஒன்று. சின்னதை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். பெரியது இந்த வட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான். வருகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: “வாட்ஸுங்கிறது சத்தத்துக்கு மட்டும் இல்லப்பு. மெதுவா வச்சாலும் பெரிய செட்டுல குரலுக்கு ஒரு இனிப்பு இருக்கும்.” அந்த இனிப்புக்காகவே செம்பட்டியிலிருந்தெல்லாம் என் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பக்ருதீன் பக்கத்தில் உட்கார்ந்து ஒயரை முறுக்கிக்கொண்டிருப்பான். ஒன்றும் பேசமாட்டான். வீட்டு ஆள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சீனாக்காரன் சண்டை முடிந்த அடுத்த மாசியில், வடமதுரைப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்து வந்தார். ஊர் அம்மன் திருவிழாவை நடத்துகிறவர். வழக்கம்போல இனிப்பைச் சொன்னேன்.

“மைக் செட்டா, மிட்டாய்க் கடையா பாய்? எங்க, காட்டுங்க பாப்போம்” என்றார்.

நான் வாய் திறக்குமுன் பக்ருதீன் எழுந்தான். பட்டாளத்துச் சாமான்களோடு வாங்கிப் போட்டிருந்த பழைய ஹெட்போனை எடுத்தான். ஒரே ரிக்கார்டை இரண்டு செட்டிலும் கொடுத்து, சத்தத்தைச் சமமாக வைத்தான். செட்டுகளைத் துண்டால் மூடினான். நாச்சிமுத்து மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எனக்கு மாட்டுக்காது, வித்தியாசம் தெரியல. நீங்க கேட்டுச் சொல்லுங்க” என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினார்.

கண்ணை மூடிக் கேட்டேன். “இந்தா, இதான் பெருசு” என்றேன். பக்ருதீன் துண்டை விலக்கினான். அது சின்னது.

பக்கத்துத் தோல் மண்டிக்காரர்கூடச் சிரித்தார்.

“மச்சான், சின்ன செட்டு திணறாத வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். திணறுனாத்தான் குரலு பொளக்கும். இந்த ஹெட்போனுக்கு எம்புட்டுச் சத்தம் வேணும்? அதுல எங்கிட்டுத் திணறப் போவுது? இவுக ஊருக்கும் ரெண்டு குழாய் ஸ்பீக்கர்தான். சின்னதே போதும்” என்றான் பக்ருதீன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அதற்குப் பிறகு பெரிய செட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில், “பாய், இன்னைக்கு இனிப்பு இருக்கா, தீந்துபோச்சா?” என்றார்கள். பக்ருதீன் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்புச் செய்ததாகவே அவனுக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டில் எப்போதும்போல நல்ல கறியாகப் பொறுக்கி என் தட்டில் வைத்தான். நானும் சாப்பிட்டேன்.

திருவிழாவுக்கு உதவியாக நானும் போனேன். அவன் குழாய் கட்ட மரத்தில் ஏறியிருந்தபோது, மைக்கின் இரும்புக் கூட்டில் கரண்டு வரும்படி செய்தேன். ஒரு பீடி பிடிக்கும் நேர வேலை. மற்றவர்கள் மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். பக்ருதீன் இரண்டு கையாலும் பிடித்து, உதட்டருகே வைத்து மெதுவாகப் பேசிப் பார்ப்பான். கோயில் மேடை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான். யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அது அவனுடைய மரியாதை. மேடையில் தண்ணீர் தெளித்திருந்தது. புழுதி அடங்கட்டும் என்று நான்தான் தெளிக்கச் சொன்னேன்.

மைக் முன்னால் நின்று, “மச்சான், அங்கிட்டுக் கேக்குதா?” என்றான். குரல் தெளிவாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. பிறகு இரண்டு கைகளையும் நீட்டினான்.

சர்புன்னிசா என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக் குடிக்க வைத்தேன்.

மேடையை நனைக்கச் சொன்னது யார் என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார். பொய் சொல்வது என் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன். தேர்ந்த காதுக்குத் தெரிகிற ஒரு நயத்தை அவன் நாலு பேர் முன்னால் பொய்யாக்கினான், அதனால்தான் இது நடந்தது என்றும் விளக்கினேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“நெஞ்சத் தொட்டுச் சொல்லும் பாய். பெரிய செட்டுல அந்த இனிப்பு உம்ம காதுக்கு நெசமாவே கேட்டுச்சா?”

“என்னைக்குமே கேட்டதில்லைங்கய்யா. அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சவன் அத வீட்டோட வச்சிருந்திருக்க வேணாமா?”