கம்ப்யூட்டர் போட்ட பின்னல்

ஆர்.கே.பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி மொட்டைத்தலையைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள்.

"இந்த முடி யாருதுன்னே தெரியலடி" என்று தோழியிடம் தன் போட்டோவை நீட்டினாள். "கண்ணாடி பாக்கவே புடிக்கல. ஸ்டுடியோக்காரரு கம்ப்யூட்டர்ல பின்னல் ஒட்டிக் குடுத்தாரு."

"பூவெல்லாம் வச்சு சூப்பரா கீதே! நைனா பாத்தாரா?"

"ஆங். அவரு ஆஸ்பத்திரியில சாவக் கெடந்து பொழச்சதுக்குத்தானே, வேண்டிகினபடி மலையில மொட்ட போட்டுகினேன்? ரொம்ப நேரம் போட்டோவையே பாத்துகினு இருந்தாரு. அப்புறம் அம்மாகிட்ட, 'நான் பொழச்சது இவளுக்கு அசிங்கமாப் போச்சா?'ன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"அப்பவும் துப்பட்டாவ இழுத்து விட்டுகினுதாண்டி நின்னேன்."