சடை பின்னிய கை

கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு இனிமே எனக்கு சடை பின்ற வேலை இல்லக்கா" என்றாள் இளையவள்.

"அப்போ கை சரியாப் பூடுச்சா?"

"பூடுச்சுக்கா. மணிக்கட்டுல நரம்பு நசுங்கிக்கினு இருந்துச்சாம். அதான் வெரலெல்லாம் மரத்து, சீப்பு கூடப் புடிக்க முடியல. டாக்டரு குடுத்த பட்டையக் கட்டிக்கினு தூங்கிப் பாத்தேன், கேக்கல. அப்புறம்தான் உள்ளங்கையில சின்னதா கீறி வுட்டாரு."

கையை நீட்டித் தழும்பைக் காட்டிச் சிரித்தாள்.

"லைன்ல ஒயர் கிளிப்பக் கீழ போடுறன்னு உன்னைப் பெருக்க அனுப்புனானே சூப்பர்வைசரு, வேலையே போயிடும்னு வேற மெரட்டுனானே, இன்னிக்கு இன்னா சொன்னான்?"

"ஒயர்ல கிளிப் மாட்டச் சொல்லிப் பக்கத்துலயே நின்னான்க்கா. ஒண்ணாவது வுழுந்துச்சான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்தான். ஒண்ணும் வுழல. நாளையிலேர்ந்து பழைய லைன்லதான்!"

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நிமிந்தாத்தான மூஞ்சியப் பாக்குறது? குனிஞ்சவனுக்கு இடுப்பு புடிச்சுக்கினுச்சு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்."