நேரில் பார்த்து நகர்த்திய கோடு

முதுகு வலிக்காரனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் பிடித்துப்போகும். பகலெல்லாம் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, கைபேசியில் தெருக்களுக்குப் பெயர் எழுதுவேன். நான் எழுத்துக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல். கற்றதை எங்காவது எழுதிப் பார்க்க வேண்டாமா. யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம் என்கிற உங்கள் பொது வரைபடம் எனக்கு வாகாக அமைந்தது, மேடம்.

அரசாங்கத்தின் வார்டு எல்லைகளை அதில் ஏற்றும்போது நீங்கள்தான் சொன்னீர்கள். அரசாங்கக் கோடு பழசு, கண்ட இடத்தில் புகுந்து போகும், அங்கங்கே குடியிருப்பவர் நேரில் பார்த்துச் சரிசெய்யட்டும் என்று. எங்கள் பக்கத்துக்கு நான். ஒரு வீட்டின் குளியலறைக்குள் கோடு போயிருந்தது. மரியாதையாக வெளியே எடுத்துவிட்டேன். கோடு கையில் இருக்கும்போதே சகலை ஞாபகம் வந்தது.

சகலை என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். பின்தெருவில் வீடு, அலுவலக உத்தியோகம். எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் அவருக்கு வானத்தில் ஏதோ தெரியும். அதை நினைத்து என் மனைவி அழுவாள். கோட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, அவர் தெருவை அடுத்த வார்டுக்கு அனுப்பினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதினேன். பொய்யில்லை. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

எங்கள் தண்ணீர் லாரிக்காரர் நம் படத்தைப் பார்த்து ஓட்டுகிறவர் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவுக்குப் போவதை அவர் நிறுத்தினார். அடுத்த வார்டு லாரிக்காரர் பார்ப்பது அரசாங்கப் படம். அதில் அது எங்கள் வார்டு. அவர்மேலும் தப்பில்லை.

அந்த வாரமே சகலை குடத்தோடு வந்தார்.

"என்ன சகலை, சௌக்கியமா? ரெண்டு குடம் பிடிச்சுக்கட்டுமா?" என்றார்.

"இதென்ன கேள்வி? உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."

"இத்தனை வருஷமா வழி தெரியலையா அத்தானுக்கு?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"வேலை ஜாஸ்திம்மா" என்று குடத்திடம் சொன்னார் சகலை.

அவருக்குக் காபி போடும்போது அவள் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டதேயில்லை.

பிறகு அந்தத் தெருவே வந்தது. வாசலில் வரிசை. ஆளுக்கொரு "அண்ணே". வயதான அம்மா ஒருவர் குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நோகாமல் தூக்கி வண்டியில் ஏற்றியவன் நான்தான், தொழிலே அதுதானே. அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்ணே" என்றான். யோசித்துப் பார்த்தேன். நல்ல கேள்விதான்.

ஆமாம் மேடம், கோட்டை நகர்த்தியது நான்தான். பழையபடி வைக்கச் சொல்கிறீர்கள். வைத்தால் இத்தனை பேரும் அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பாவம். முன்தெருக்காரர்கள் இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்றுதான் அந்தப் பக்கமும் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தேன்.