வெளியிலிருந்து வந்தது

— கண்ணாடியை ஏத்துங்க சம்பந்தி. பங்க்குல நம்ம ரெண்டு பேரையும் ஒரே கார்ல பார்த்தா, எங்க கட்சி ஆபீஸ்ல என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க.

— ஏத்தினா ஏசி போடணும். ஏசி போட்டா பெட்ரோல் குடிக்கும். அந்த ஃபைலை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கோங்க சம்பந்தியம்மா.

— ஃபைல் மேல ‘எண்ணெய்க் கிணறு வேண்டாம்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

— அப்போ திருப்பிப் பிடிங்க.

— க்யூ நகர்ற மாதிரியே தெரியல. நம்ம நாட்டுலயே தோண்டியிருந்தா இந்த க்யூவே இருக்காதுன்னு ஆரம்பிச்சுடாதீங்க. அது ஏழு மணிக்கு, டிவி விவாதத்துல.

— நான் ஏன் ஆரம்பிக்கிறேன்? எனக்கே அதுல நம்பிக்கை இல்ல. இன்னிக்குத் தோண்டினா முதல் சொட்டு வர பத்து வருஷம் ஆகும். வந்தாலும் உலகச் சந்தை சொல்றதுதான் விலை.

— இதையே நான் சொன்னப்போ ‘பித்தலாட்டம்’னு மேஜையைத் தட்டினீங்க.

— தட்டுறதுக்குத்தானே கூப்பிடுறாங்க. நீங்க மட்டும் என்ன, தோண்டினா நிலத்தடித் தண்ணி கெட்டுப் போயிடும்னு கண்ணுல தண்ணி விட்டீங்க. உங்க அண்ணன் பையனுக்கு அதே கம்பெனியில வேலைக்கு எழுதிப் போட்டிருக்கீங்களாமே.

— வேலைன்னா வேலை. அதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? சரி, தட்டினது பரவாயில்ல. தட்டிட்டு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுதான் என் பொண்ணைப் பெட்டியைத் தூக்க வெச்சுது.

— சத்தியமா கச்சா எண்ணெயைத்தான் சொன்னேன். ‘வெளியில இருந்து வந்ததை நம்பி நாடு நடத்த முடியாது.’ எழுதி வெச்சிருந்தது அதுதான். நாடுன்னு சொல்ல வேண்டிய இடத்துல வீடுன்னு வந்துடுச்சு.

— கல்யாணமாகி எட்டு மாசம். புதுசா வந்த மருமக தனிக்குடித்தன வீட்டுச் சோபாவுல உக்காந்து டிவி பார்த்துட்டிருக்கா. மாமனார் கேமராவைப் பார்த்து விரலை நீட்டி, ‘வெளியில இருந்து வந்ததை நம்பி வீடு நடத்த முடியாது’ங்கிறார். அவளுக்குக் கச்சா எண்ணெயா ஞாபகம் வரும்?

— உடனே நீங்க என்ன சொன்னீங்க? ‘அங்க எவ்வளவு ஆழம் தோண்டினாலும் சேறுதான் வரும்’னீங்க. என் பையன் அதே சோபாவுலதான் உக்காந்திருந்தான்.

— நான் உங்க கட்சி தோண்டச் சொல்ற அந்த எட்டாம் நம்பர் எண்ணெய்க் கிணத்தைச் சொன்னேன் சம்பந்தி.

— அவன் டிகிரியை மூணாவது தடவையில பாஸ் பண்ணவன். ஆழம், சேறுன்னா அவன் யாரைன்னு எடுத்துப்பான்?

— முன்னாடி ரெண்டு வண்டி போயிடுச்சு, நகர்த்துங்க.

— ஸ்டார்ட் பண்ணா இருக்கிறதும் போயிடும். இறக்கம்தான், தானா உருளும்.

— மூணு வாரமா அவ ஹாஸ்டல்ல இருக்கா. போன் பண்ணா ‘நல்லா இருக்கேன்’னு ஒரு வார்த்தை, டக்குனு வெச்சுடறா. காலையில எங்க வீட்டுல அவ ரூமைக் கூட்டப் போனேன். பாதியிலேயே துடைப்பத்தைப் போட்டுட்டு உக்காந்து அழுதேன்.

— இவன் போனே எடுக்கறதில்ல. ஆபீஸ் வாசல்ல போய் நின்னேன். மாடிப்படியில இறங்கி வந்தவன் என்னைப் பார்த்துட்டுத் திரும்பி மேல போயிட்டான். பெத்த புள்ள சம்பந்தியம்மா. கடன்காரனைப் பார்த்த மாதிரி ஓடுறான்.

— எல்லாம் சரியாயிடும். பேசினபடி செய்வோம். விட்ட இடத்துலதான் எடுக்கணும். நேர்ல போய் மன்னிப்புக் கேட்டா நடிக்கிறோம்பாங்க. டிவியில சொன்னாத்தான் நிஜம்னு நம்புறாங்க.

— என் பங்கைக் கேளுங்க. ‘வெளியில இருந்து வந்தது நமக்குக் கிடைச்ச பாக்கியம். அது வரலைன்னா நம்ம வீட்டுல விளக்கே எரியாது.’

— நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இறக்குமதிக்கு ஜால்ரா. எங்க கட்சிகூட அவ்வளவு தூரம் போனதில்ல.

— உங்களுது?

— ‘ஆழத்துல தங்கம் இருக்கு. பொறுமையா தோண்டினவங்களுக்குத்தான் அது தெரியும்.’

— இது எங்க கட்சி போஸ்டர்ல இருக்கு.

— அதைப் பார்த்துத்தான் எழுதினேன். விளம்பர இடைவேளைக்குள்ள என்னைக் கட்சியை விட்டு நீக்கிடுவாங்க. பதினாறு வருஷம் கத்தினேன், தொண்டை கட்டினதுதான் மிச்சம். போகட்டும். எனக்கு என் பொண்ணு வேணும்.

— எனக்கும் அவ்வளவுதான். மருமக கையால காபி குடிச்சு மூணு வாரம் ஆச்சு.

— எவ்வளவுக்குப் போடணும் சார்? அட, நீங்களா! மேடமும் இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே கார்லயா?

— பெட்ரோல் விக்கிற விலைக்கு வேற எப்படிண்ணே வர்றது? பாதி டேங்க் போடுங்க.

— மேடம்தானே தோண்டவே கூடாதுங்கிறவங்க?

— ஏழு மணி வரைக்கும்.

— நான் சார் கட்சி, என் சம்சாரம் உங்க கட்சி. வியாழக்கிழமை உங்க விவாதம் வந்தா எங்க வீட்டுல அடுப்பு எரியாது மேடம். இன்னிக்கும் பார்சல்தான் வாங்கிட்டுப் போகணும். ஜீரோ பாத்துக்கோங்க சார்.

— சம்பந்தியம்மா, உங்க போன் அடிக்குது.

— இங்க எடுக்காதீங்க மேடம், பங்க்கு!

— என் பொண்ணுண்ணே! அவளா கூப்பிடுறா! போட்ட வரைக்கும் போதும், மூடுங்க, இந்தாங்க பணம். சம்பந்தி, வண்டியை வெளியில எடுங்க, சீக்கிரம்!

— இதோ, இதோ. பஞ்சர் கடையோரமா நிறுத்திட்டேன். பேசுங்க.

— ஹலோ, சொல்லும்மா... ம்... எப்போ?... ரெண்டு பேருமேவா?... ம்... இல்லம்மா, அதைத்தான் இன்னிக்கு நாங்க... சரி. சரிம்மா, சொல்லல. ஒரு வார்த்தையும் சொல்லல... எங்கே?... சரி, வெச்சுடறேன்.

— என்னாச்சு? ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? அழுறீங்களா, சிரிக்கிறீங்களா?

— ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்களாம். பத்து நாளாச்சாம்.

— அப்பாடா! பத்து நாளா? அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா! இருங்க, வண்டியைத் திருப்புறேன். நேரா அவங்க வீட்டுக்கே போயிடலாம். ஏழு மணிக்கு வேற யாராவது கத்திக்கட்டும்.

— அங்க இல்லையாம். வேற வீடு பார்த்துப் போயிட்டாங்களாம். டிவி வாங்கலையாம்.

— வாங்காட்டி போகட்டும், நல்லதாப் போச்சு. வீடு எங்கே? அட்ரஸ் கேட்டீங்களா?

— கேட்டேன் சம்பந்தி. ‘நல்லா இருக்கோம்மா, அதனாலதான் தரல’ங்கிறா.