கறுத்துப்போன கிரகம்

பந்தி போட ஆரம்பிச்சுட்டாங்கன்னு எனக்கும் தெரியும்... வாசனை மேடை வரைக்கும் வருது. ஆனா மணமக்களுக்கு ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டுத்தான் இறங்குவேன். உட்காருங்க... பாயசம் எங்கேயும் ஓடிப்போகாது.

கோயம்புத்தூர் கணபதியில ஹேமலதான்னு ஒரு பொண்ணு. அவ வீட்டுக்காரர் திருமாறன். ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு, வீட்டு ஹால்லயே கம்ப்யூட்டர் கேம் செய்யறாங்க. விண்வெளிக் கேம்! ஒரு வருஷ உழைப்பு. அன்னிக்குப் பதினோரு மணிக்கு ராவ்னு ஒரு கம்பெனிக்காரர் பார்க்க வர்றார். அவருக்குப் பிடிச்சா கேம் வெளியே வரும். பிடிக்கலைன்னா... ரெண்டு பேரும் பழையபடி ஆபீஸ் பஸ்தான்!

கேம்ல ஒரு கிரகம் வேணும். அதுக்கு ஷேடர்னு ஒண்ணு ரெடிமேடா கிடைக்குதாம். வெறும் உருண்டை மேல அதைப் போட்டா போதும்... கடல், மலை, மேகம் எல்லாம் வந்துடும். ஒன்பது மணிக்குப் போட்டாங்க. என்ன வந்துச்சு?

கறுப்பு... தோசைக்கல்லு மாதிரி சுத்தக் கறுப்பு!

"சூரிய வெளிச்சம் பத்தலைங்க, ஏத்துங்க"ங்கறா ஹேமலதா. ஒண்ணுல இருந்ததைப் பத்தாக்கினார். கறுப்பு. நூறாக்கினார். கறுப்பு. ஐந்நூறு! ... ம்ஹூம்.

"ஏங்க, ஓரத்துல மட்டும் ஒரு கோடு பளபளங்குதே?"

"அது ஏதோ கோளாறு. கண்டுக்காத."

அப்புறம் என்ன? சண்டை!

"நீங்க தொட்டது எதுதான் விளங்கியிருக்கு?"

"அப்போ உங்க அண்ணனைக் கூப்பிட்டுச் செய்யேன்!"

பாருங்க... இதுல மச்சான் எங்கிருந்து வந்தார்? அவர் பாவம், திருப்பூர்ல பனியன் தைச்சுக்கிட்டிருக்கார்! "உங்களோட இனி நான் சேர்ந்து வேலையே செய்ய மாட்டேன்"னு அவ கண்ணைத் துடைக்கிறா... டிங் டாங்! காலிங் பெல்.

ராவ் வந்தார், உட்கார்ந்தார், கறுப்புத் திரையைப் பார்த்தார். மவுஸைப் பிடிச்சு, கிரகத்தைச் சுத்தி அந்தப் பக்கம் போனார்... பளீர்! மனுஷன் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டார்.

"ஏம்மா... இது கிரகமா, வெல்டிங் பட்டறையா?"

விஷயம் என்னன்னா, சூரியன் இருந்தது அந்தப் பக்கம். இவங்க நின்னது இந்தப் பக்கம். ரெண்டு மணி நேரமா ராத்திரியைப் பார்த்துக்கிட்டு வெளிச்சம் பத்தலைன்னு சண்டை! கோளாறுன்னாரே ஒரு கோடு... அதுதாங்க அந்தப் பக்கத்துப் பகல்.

ஹேமலதா பாய்ஞ்சு ஐந்நூறை ஒண்ணாக்கினா. அடடா... நீலக் கடல், வெள்ளை மேகம்! ராவ் கண்ணைக் கசக்கிட்டுப் பார்த்தார். "கேமை இங்கிருந்து ஆரம்பிங்க. நான் எடுத்துக்கறேன்"னார்.

மாப்பிள்ளை... நாளைக்கு இந்தப் பொண்ணு ஒரு நாள் மூஞ்சி கறுத்து உட்கார்ந்திருக்கும். அம்மாடி, அவரும் உட்காருவார்! அப்போ என்ன செய்வீங்க? குரலை ஏத்துவீங்க. பத்து... நூறு... ஐந்நூறு. வேண்டாம்யா! எழுந்து, சுத்திக்கிட்டு அவங்க பக்கம் போய் நின்னு பாருங்க. ஓரத்துல ஒரு கோடு தெரிஞ்சா அதைக் கோளாறுன்னு தள்ளிடாதீங்க.

எனக்கு இது புரிய இருபத்தாறு வருஷம் ஆச்சு... அதோ, முன் வரிசையில என் வீட்டம்மா சிரிக்கறாங்க பாருங்க. நான் இன்னும் ஐந்நூறுலதான் இருக்கேனாம்!