தூண் படத்தில் நிற்கும் பெண் நானே

தென்போ பதினான்காம் ஆண்டு, நான்காம் மாதம், பதினோராம் நாள் காலை.

என் பெயர் ஓகினு. வயது முப்பத்தெட்டு. அச்சுத் தொழிலாளி தோமெகிச்சியின் மனைவி. எடோ நகரம், காண்டா, பின்சந்து வரிசை வீடுகளில் நான்காவது வீட்டில் என் கணவருடன் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லாததால் நடுவர் அலுவலகத்துக்கு வர இயலவில்லை. ஆகவே இந்த வாக்குமூலம் என் வீட்டிலேயே, நான் படுத்திருக்கும் நிலையில், விசாரணை அதிகாரி ஐயா முன்னிலையில் எழுதப்படுகிறது.

நான் அச்சுக்கான தாள்களுக்குப் படிகாரமும் தோல்பசையும் கலந்த நீர் பூசி, உலர்த்தி, அளவாக வெட்டிக் கொடுக்கும் வேலை செய்து வந்தேன். முழுத் தாளை இரண்டாக வெட்டினால் ஓபான் என்ற பெரிய அளவு வரும். ஓபானைக் குறுக்காக இரண்டாக வெட்டினால் சூபான் என்ற நடு அளவு வரும். அளவுகோல் வைக்காமல் கையால் சாண் போட்டே இவற்றை வெட்டுவேன். பூசிய தாளிலிருந்து தண்ணீர் சொட்டி மரத்தரை வழுக்கும் என்பதால் வேலை நேரத்தில் எந்தக் காலத்திலும் வெறுங்காலோடுதான் இருப்பேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு பத்தாம் மாதத்தில் ஒரு நாள், உலர்கயிற்றில் தாள் மாட்டும்போது ஏணி சறுக்கி விழுந்தேன். அதன் பிறகு நான் எழுந்து நடக்கவில்லை. அன்று முதல் என்னைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, தலை வாரி முடிவது எல்லாவற்றையும் என் கணவரே செய்து வருகிறார். முதல் சில நாட்கள் கொண்டையைக் கோணலாகவே போட்டார். இப்போது நன்றாகப் போடுகிறார்.

அதன் பிறகு அவர் வேலை முடிந்து வரும்போது பதிப்பகத்தில் கழித்துப் போட்ட படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு மேலே பிடித்துக் காட்டுவார். ஒரு முறை மூன்று ஓபான் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே காட்சியாகும் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆற்றில் படகுகள் போகும் படம். இரண்டு கையில் இரண்டு தாளைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைப் பல்லால் கவ்விக்கொண்டார். கடைசிப் படகில் இருப்பவன் யார் என்று நான் கேட்டேன். வாயில் தாள் இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்து, தாள் நழுவி என் மேல் விழுந்தது. ஏணியிலிருந்து விழுந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

அன்று அந்தப் படத்தை மாட்டி வைக்கலாம் என்று பார்த்தோம். ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் அடுப்பு. நான் தலை திருப்பாமல் பார்க்கக்கூடிய இடம் என் கால்மாட்டில் இருக்கும் தூண் ஒன்றுதான்.

"நமக்கு எங்கங்க சுவர் இருக்கு? இந்தத் தூண் ஒண்ணுதான் இருக்கு. பொழுதுக்கும் அதையேதான் பாத்துக்கிட்டுக் கிடக்கேன்" என்று சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் தூணின் அகலத்தைக் கயிற்றால் அளந்துகொண்டு போனார். அதன் பிறகு இரண்டு மாத காலம் வீட்டு வாசலில் என் கண்ணுக்குத் தெரியாதபடி உட்கார்ந்து எதையோ செதுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் எனக்குக் கேட்கும். அவர் அச்சிடுபவரே தவிர செதுக்குபவர் அல்ல. இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டார். "என்னதான் செய்றீங்க?" என்று கேட்டால், "எலிக்கு வீடு கட்டறேன், போதுமா?" என்பார். பலகைகள், பதிப்பகத்தில் தேய்ந்துபோய் விறகுக்கு ஒதுக்கியவை. கேட்டு வாங்கியவை. திருடியவை அல்ல.

அதன் பிறகு இந்த ஆண்டு இரண்டாம் மாதம், நாள் நினைவில்லை, மழை பெய்துகொண்டிருந்தது, அச்சிட்ட ஓபான் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் மார்பின் மேல் வெட்டுப்பலகையை வைத்து அதன் மேல் விரித்தார். அதில் இடது பாதியில் ஒரு பெண்ணின் உருவம் தலையிலிருந்து இடுப்பு வரை இருந்தது. வலது பாதியில் இடுப்பிலிருந்து பாதம் வரை இருந்தது. அந்தப் பெண் தன் கால்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தாள் கட்டு. தலையில் நான் கட்டுகிற மாதிரித் துணி. கால்கள் வெறுங்கால்கள்.

அவர் கத்தியை என் கையில் கொடுத்து, "எனக்கு நேரா வெட்ட வராது. நீ வெட்டு" என்றார்.

அது பொய். அவருக்கு நன்றாக வெட்ட வரும்.

நான் அந்தத் தாளை நெடுக்காக இரண்டாக வெட்டினேன். இடுப்பின் பட்டை வரும் இடத்தில் இரண்டு அரிசி அகலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வைத்து, அரிசிக் கஞ்சியால் ஒட்டினேன். மேல் துண்டின் பட்டைக் கோடும் கீழ்த் துண்டின் பட்டைக் கோடும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. அப்படித்தான் அது ஒன்றரை முழத்துக்கு மேல் நீளமும் ஒரு கை அகலமும் உள்ள தூண் படம் ஆனது. அதை அவர் தூணில் ஒட்டினார். ஒட்டிய பிறகு நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். படம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் அடுப்படிக்குப் போய் வேலை இல்லாமலே பாத்திரத்தை உருட்டினார்.

தூண் ஒடுக்கம் என்பதால் படத்தில் முகம் பாதிதான் தெரியும். ஒரு தோள் ஓரத்தோடு வெட்டுப்பட்டு நிற்கும். "என்னோட இன்னொரு பாதி எங்கங்க?" என்று கேட்டேன்.

"தூணு அவ்வளவுதான் அகலம். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு சென்ற மாதம் வரிசை வீடுகளின் பொறுப்பாளர் ஜின்எமோன் கூரை ஒழுகுவதைப் பார்க்க வந்தவர், படத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கணிகைகள்தான் எந்தக் காலத்திலும் வெறுங்காலோடு இருப்பார்கள், அதனால் அவள் கணிகை என்றும், கணிகைப் படத்துக்குச் சென்ற ஆண்டு ஆணையில் தடை உள்ளது என்றும், எட்டு நிறங்களுக்கு மேல் கூடாது என்ற இடத்தில் பதினொரு நிறங்கள் உள்ளன என்றும், தணிக்கை முத்திரை இல்லை என்றும் அவர் எழுதிக் கொடுத்ததாகத் தெரிகிறது. இந்த மாதம் எட்டாம் தேதி என் கணவரைக் காவல் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான்கு பலகைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று முதல் அடுத்த வீட்டுப் பெண் எனக்குக் கஞ்சி ஊட்டி வருகிறார்.

இன்று ஐயா அவர்கள் என் கணவரைக் கயிறு கட்டிய நிலையில் இங்கே வரவழைத்து எதிரெதிரே விசாரித்தார்கள். அவர் கொடுத்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில், நான் தூங்கும்போது அவர் தனியாகப் படத்தை ஒட்டியதாகவும், அது எங்கிருந்து வந்தது என்றே எனக்குத் தெரியாது என்றும் உள்ளது. அது உண்மையல்ல. வெட்டியது நான். சேர்த்தது நான். என்னையும் அவரோடு சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. காய்ச்சல்ல ஏதோ சொல்றா" என்றார் என் கணவர்.

"எனக்கு எந்தக் காய்ச்சலும் இல்ல. மூணு நாளா முகம் கழுவாம வந்து நின்னுக்கிட்டு என்னைப் பைத்தியக்காரி ஆக்காதீங்க. அந்த மாதிரி ஒரு ஒட்டு உங்களால ஒட்ட முடியுமா? சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். ஐயா அவர்கள் தூணருகே போய் ஒட்டைத் தடவிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நிறங்களைப் பற்றிக் கேட்டார்கள். பலகைகள் நான்கு. மூன்றில் இருபுறமும், ஒன்றில் ஒருபுறமும் செதுக்கியிருப்பதால் நிறப் பதிவுகள் ஏழு, மீதி நான்கு நிறங்களும் அவற்றிலிருந்தே வந்தவை. மறைத்து வைத்த பலகை வேறு இல்லை. மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சை. சிவப்பின் மேல் நீலம் விழுந்தால் ஊதா. வானம் மேலிருந்து கீழே வெளுப்பது பலகையில் மையை ஈரத்துணியால் துடைத்து விடுவதால். கருஞ்சாம்பல், சாம்பலையே இரண்டு தடவை அழுத்தியது. இதை நான் சொல்லி மட்டும் நம்ப வேண்டாம் என்றும், தாள் கட்டின் பச்சை நாடாவின் ஓரத்தைப் பார்க்கும்படியும் சொன்னேன். அங்கே நீலம் ஒரு நூல் தள்ளி விழுந்து, அடியில் இருக்கும் மஞ்சள் தெரிகிறது. இந்தப் பிசகுக்காக நான் இவரை இரண்டு மாதமாக ஏசியிருக்கிறேன். ஐயா அவர்கள் விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து, சரி என்றார்கள்.

முத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, இது கடைக்குப் போகாத படம் என்று சொன்னேன். மொத்தம் மூன்று தாள்கள் அச்சாயின. இரண்டு கெட்டுவிட்டன. அவை இந்தத் தாள் ஒட்டிய சன்னலின் கிழிசலில் ஒட்டியிருக்கின்றன. அவற்றையும் பார்த்தார்கள்.

கடைசியாக, படத்திலுள்ள பெண் கணிகையா என்று கேட்டார்கள். அது நான்தான் என்று சொல்லி, என் போர்வையைக் கால் பக்கம் விலக்கிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி சொன்னேன். என் வலது காலின் சுண்டுவிரல் நகம், பத்து ஆண்டுகளுக்கு முன் பலகை விழுந்ததால் இரண்டாகப் பிளந்து வளர்ந்தது. படத்தில் வலது காலின் சுண்டுவிரல் நகமும் பிளந்திருக்கிறது. அது இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. வெட்டி ஒட்டும்போது என் கண் பட்டைக் கோட்டிலேயே இருந்தது, தூணில் ஏறிய பிறகு படுத்திருக்கும் இடத்திலிருந்து அவ்வளவு சிறிய கோடு தெரிவதில்லை. ஐயா அவர்கள் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். அப்போது என் கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறுங்காலைத்தான் வரையணுமா? செருப்பு போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காதே?" என்று ஐயா அவர்கள் என் கணவரைக் கேட்டார்கள்.

"அவ கால் அப்படித்தானுங்க இருக்கும். எனக்கு வேற மாதிரி தெரியாதுங்க" என்றார்.

அதன் பிறகு அவருடைய கயிற்றை அவிழ்க்க உத்தரவானது. பலகைகளை இழைத்து வழித்துவிட வேண்டும் என்றும், இனிமேல் இந்தப் படம் ஒரு பிரதிகூட அச்சாகக் கூடாது என்றும், ஜின்எமோன் முன்னிலையில் என் கணவரைக் கடிந்து எச்சரிப்பதோடு விவகாரம் முடிகிறது என்றும் சொன்னார்கள். தூணில் இருப்பதைக் கிழிக்க வேண்டுமா என்று கேட்டேன். விற்பனைக்கு வராத ஒற்றைப் படம் என்பதால் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்றார்கள்.

கயிறு அவிழ்ந்ததும் என் கணவர் நேராக என்னிடம் வந்து, என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "கொண்டைய யார் போட்டது? இவ்வளவு இறுக்கியிருக்காங்க. வலிக்குதா?" என்று கேட்டார். வலிக்கிறது என்று சொன்னேன். அதிகாரிகள் முன்னால் என்றும் பார்க்காமல் அவிழ்த்துவிட்டார். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, எழுத வேண்டியதில்லை என்று ஐயா அவர்கள் சொன்னார்கள். எழுதும்படி நான் வேண்டிக் கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டது.

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என் வாயால் சொன்னது. இரண்டு முறை எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை. என்னால் எழுந்து தாளருகே வர முடியாததால், என் கணவர் தாளை என் முகத்துக்கு மேலே பிடித்துக்கொள்ள, பெருவிரல் நகத்தில் மை தொட்டுப் பதித்தேன்.

ஓகினு (நகக் குறி)